எஃப்.என்.டி.யோடு ஊருக்குப் போய் வர: வாசகர் கேள்விகளும் மருத்துவக் குழுவின் பதில்களும்

விடுமுறையும் கல்யாண முகூர்த்தங்களும் சேர்ந்து வருகிற நேரம். ‘ஃபங்ஷனல் நியூராலஜிக்கல் டிஸார்டர்’, சுருக்கமாக எஃப்.என்.டி., பற்றி வந்திருக்கும் கடிதங்கள் எல்லாமே பயணத்தைப் பற்றித்தான் கேட்கின்றன. புதிதாகப் படிப்பவர்களுக்காக இரண்டு வரி: இந்த நோயில் மூளையிலோ தண்டுவடத்திலோ கட்டியோ தழும்போ இருக்காது. மூளைக்கும் உடம்புக்கும் நடுவே போகிற செய்திகள் தடம் மாறிவிடும். தண்டவாளம் நன்றாக இருக்கிறது, சிக்னல்தான் தப்பாக விழுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். வலிப்பு, கை கால் பலவீனம், நடுக்கம், தலைசுற்றல், பேச்சு நின்றுபோவது, கடும் அசதி என்று ஆளுக்கு ஆள் வேறு மாதிரி வரும். நரம்பியல் மருத்துவரும் பிசியோதெரபிஸ்டும் சேர்ந்து பதில் சொல்லியிருக்கிறோம்.

என் மனைவிக்கு வயது 34. மூன்று வருஷமாக எஃப்.என்.டி. வலிப்பு, மாதம் இரண்டு மூன்று தடவை வருகிறது. வீடியோ இ.இ.ஜி. (வலிப்பை வீடியோவில் பிடித்து, கூடவே மூளை அலையையும் பதிவு செய்கிற சோதனை) எடுத்து உறுதி செய்துவிட்டார்கள். சென்னையில் கொழுந்தியாள் கல்யாணம். ராத்திரி ரயிலா, பகல் ரயிலா, எது சரி?
– க.மு., திருநெல்வேலி

டிக்கெட்டைத் தொடுவதற்கு முன்னால் ஒரு நோட்டை எடுங்கள். கடைசியாக வந்த பத்து வலிப்பையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் முந்தைய 24 மணி நேரத்தில் தூக்கம் எத்தனை மணி, சாப்பாடு தள்ளிப்போனதா, வெயில், கூட்டம், சத்தம், காய்ச்சல், மாதவிடாய் எது இருந்தது என்று பக்கத்தில் குறியுங்கள். பலருக்கு இரண்டு விஷயங்களாவது திரும்பத் திரும்ப வரும். ரயிலை முடிவு செய்ய வேண்டியது அந்த இரண்டும்தான்.

தூக்கம் கெட்டால் வலிப்பு வருகிறது என்று நோட்டு சொன்னால் வந்தே பாரத் பார்வைக்கு நல்லது போலத் தெரியும்; எட்டு மணி நேரத்துக்குள் எழும்பூர். ஆனால் அது விடிகாலை ஆறு மணி வாக்கில் கிளம்புகிற வண்டி. நாலு மணிக்கு எழுந்து, குளித்து, அவசரமாக இரண்டு இட்லியை விழுங்கி ஓடினால் தூக்கமும் போச்சு, சாப்பாடும் போச்சு. அதோடு முழுக்க உட்கார்ந்தே போகிற வண்டி. நடுவில் தலை கிறுகிறுத்தால் சாய்ந்து படுக்க இடமில்லை. உங்கள் மனைவிக்கு எங்கள் தேர்வு நெல்லை எக்ஸ்பிரஸ் மாதிரியான ராத்திரி வண்டி, அதுவும் கீழ் பெர்த் கிடைத்தால் மட்டும். காரணம் படுக்கை மட்டுமல்ல. அந்த வண்டி திருநெல்வேலியிலேயே புறப்படுகிறது. கூட்டம் ஏறுவதற்கு முன் நிதானமாக ஏறி உட்காரலாம். சென்னையில் கடைசி ஸ்டேஷனில் எல்லோரும் இறங்கிய பிறகு இறங்கலாம். நடு ஸ்டேஷனில் இரண்டே நிமிஷத்தில் பெட்டி படுக்கையோடு இறங்கு என்று அவசரப்படுத்தும்போதுதான் கால் மரத்து நின்றுவிடும், வலிப்பும் எட்டிப் பார்க்கும். கல்யாண மண்டபம் தாம்பரத்துக்குப் பக்கமாகவே இருந்தாலும் சரி, வண்டி எதுவரை போகிறதோ அதுவரை போய்த் திரும்பி வாருங்கள்.

முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்னால் திறக்கிறது. கீழ் பெர்த் தானாக ஒதுக்கப்படுவது 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும்தான். 34 வயதுக்கு அந்த ஒதுக்கீடு இல்லை. ஆகவே ஐ.ஆர்.சி.டி.சி.யில் ‘குறைந்தது ஒரு கீழ் பெர்த் கிடைத்தால் மட்டும் புக் செய்’ என்கிற கட்டத்தில் டிக் அடித்துவிடுங்கள். எந்த நம்பர் விழுந்தாலும், பக்கத்துப் பயணியிடமோ டி.டி.இ.யிடமோ மாற்றிக் கேட்க வசதியாக இந்தக் கணக்கைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்லீப்பரிலும் மூன்றாம் வகுப்பு ஏ.சி.யிலும் ஒரு கூபேக்கு எட்டு நம்பர். கீழ் பெர்த் 1, 4, அடுத்து 9, 12, பிறகு 17, 20, 25, 28, 33, 36. 1, 4 இரண்டும் கழிப்பறைக்கு ஒட்டி இருக்கும். கதவு அடிக்கிற சத்தம், நாற்றம், ராத்திரி முழுக்க வெளிச்சம். 33, 36 பெட்டியின் நடுவில். அமைதி, ஆனால் கழிப்பறைக்கு நீள நடை. நடை தடுமாறுகிறவருக்கு 9, 12. சத்தம் ஒத்துக்கொள்ளாதவருக்கு 25 முதல் 36 வரை. 7, 15, 23 என்று வருகிற சைடு லோயர் வேண்டாம். ஆர்.ஏ.சி.யாக இருந்தால் அதில் இரண்டு பேர் பங்கு போட வேண்டும். இல்லாவிட்டாலும் போகிறவர் வருகிறவர் பையெல்லாம் உடம்பில் இடிக்கும். தலையை ஜன்னல் பக்கம் வைத்துப் படுக்கச் சொல்லுங்கள். பாதையில் போகிறவர்களின் சூட்கேஸும் டார்ச் வெளிச்சமும் காலோடு போகட்டும்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் போய்ச் சேருங்கள். முதல் நாள் யார் வீட்டுக்கும் போகாத நாள். வரவேற்பு, முகூர்த்தம் இரண்டிலும் முழுசாக இருக்க ஆசைப்பட்டால் இரண்டாவதில் விழ வேண்டி வரும். எது முக்கியம் என்று அவரே சொல்லட்டும். மற்றதற்கு அரை மணி நேரம் தலைகாட்டினால் போதும். தவில்காரர் உட்காரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம், வெளியே போகும் வழிக்கு அருகில் நாற்காலி. மண்டபத்தில் ஒரு அறைச் சாவியைக் காலையிலேயே வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அங்கே போய்ப் படுப்பதற்கு யாரிடமும் காரணம் சொல்ல வேண்டி வரக்கூடாது.

போன தடவை பஸ் ஸ்டாண்டில் என் தங்கைக்கு வலிப்பு வந்தபோது கூட்டம் கூடி, ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார், இன்னொருவர் வாயில் ஸ்பூன் வைக்கப் பார்த்தார். பயணத்தில் வந்தால் உண்மையில் என்ன செய்ய வேண்டும்?
– சா., விருதுநகர்

உங்கள் கேள்விக்குத்தான் இந்தப் பக்கத்தில் அதிக இடம் ஒதுக்குகிறோம். எஃப்.என்.டி. வலிப்பு பெரும்பாலும் தானாக நின்றுவிடும். அதில் காயம் படுவதற்குப் பல நேரம் காரணம் உதவிக்கு வருகிறவர்கள். கையைப் பிரித்து இரும்பைத் திணித்தால் விரல் பிசகும். வாயில் எதை வைத்தாலும் பல் உடையும், மூச்சு அடைக்கும். கை காலை அமுக்கிப் பிடித்தால் உடம்பு இன்னும் பலமாக உதறும். முகத்தில் தண்ணீர் அடிப்பதும் வெங்காயத்தை மூக்கில் தேய்ப்பதும் அவரை அவமானப்படுத்துவதைத் தவிர ஒன்றும் செய்யாது. பலருக்கு அப்போது காது கேட்டுக்கொண்டிருக்கும், வாய்தான் திறக்க முடியாது. ‘நடிக்கிறா’ என்று யாராவது சொன்னால் அதுவும் கேட்கும்.

முதலில், வருவதற்கு முன். நிறையப் பேருக்குச் சில விநாடி முதல் சில நிமிஷம் வரை முன்னறிகுறி இருக்கும்: உடம்பு சூடேறும், சத்தமெல்லாம் தூரத்தில் போகும், தலை கனக்கும். அந்த இடைவெளிதான் பிடிமானம். இரண்டு பாதத்தையும் தரையில் அழுத்தி ஊன்ற வேண்டும். கையில் குளிர்ந்த தண்ணீர் பாட்டில். வாயில் ஒரு கிராம்பு, அல்லது புளிப்பு மிட்டாய் (விழுங்கும் நிலையில் இருந்தால் மட்டும், அறிகுறி முற்றிவிட்டால் வேண்டாம்). பிறகு மூளைக்கு ஒரு கணக்கு. ரயிலில் போகிறவர்களுக்கு நாங்கள் சொல்லிக்கொடுப்பது, ஸ்டேஷன் பெயரைப் பின்னாலிருந்து சொல்வது: விழுப்புரம், விருத்தாசலம், திருச்சி, திண்டுக்கல், மதுரை, விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பதை விட இது நன்றாக வேலை செய்கிறது, யாரும் பள்ளிக்கூடப் பரீட்சை மாதிரி பயப்படுவதில்லை. மூச்சை நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விட வேண்டும். பேப்பர் பைக்குள் மூச்சு விடுகிற பழைய வித்தை வேண்டாம்.

இதை வீட்டில் அறிகுறி இல்லாத நேரத்தில் தினம் இரண்டு தடவை, இரண்டு வாரமாவது பழகியிருக்க வேண்டும். ரயிலில் முதல் தடவையாகச் செய்து பார்த்தால் பலிக்காது.

வந்துவிட்டால்: தரையிலோ கீழ் பெர்த்திலோ ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தலைக்கு அடியில் மடித்த துண்டு. மூக்குக் கண்ணாடி, ஹேர் கிளிப், கழுத்தை இறுக்குகிற துப்பட்டா, சங்கிலி இவற்றை எடுத்துவிடுங்கள். கடிகாரம் பாருங்கள், நேரத்தைக் குறியுங்கள். ஒருவர் மட்டும், தாழ்ந்த குரலில், ‘நான்தான் இருக்கேன், வண்டி திண்டுக்கல் தாண்டிருச்சு, பத்திரமா இருக்கே’ என்று சொல்லட்டும். ‘எழுந்திரு, கண்ணைத் திற’ என்று உலுக்குவது வேண்டாம். மற்றவர்கள் நிற்க வேண்டிய இடம் கூபேக்கு வெளியே, முதுகு காட்டி.

ஓர் அட்டையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி லேமினேட் செய்து கழுத்திலோ கைப்பையின் வெளி அறையிலோ வைத்திருங்கள். தமிழ்ப் பக்கம் இப்படி இருந்தால் போதும்:

‘எனக்கு எஃப்.என்.டி. என்ற நரம்புப் பிரச்சினை இருக்கிறது. இப்போது வந்திருப்பது அதன் வலிப்பு. வழக்கமாக ___ நிமிஷத்தில் தானாக நிற்கும். கையில் இரும்பு, வாயில் எதுவும் வைக்க வேண்டாம். பிடித்து அமுக்க வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, கூட்டத்தை விலக்குங்கள். இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள்: ___. கீழே எழுதிய அபாய அறிகுறி இருந்தால் மட்டும் 108.’

அபாய அறிகுறிகளை அட்டையின் அடியில் எழுதுங்கள்: உதடு நீலம் பாய்வது, மூச்சு சரியாக இல்லாதது, தலையில் அடி, தண்ணீரிலோ உயரத்திலோ விழுந்தது, கர்ப்பம், வழக்கத்துக்கு மாறான வலிப்பு, வழக்கமான நேரத்தைத் தாண்டிப் போவது. ஓடும் ரயிலில் 139-ஐ அழைத்து வண்டி நம்பர், பெட்டி, பெர்த் சொன்னால் அடுத்த ஸ்டேஷனில் மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்வார்கள், டி.டி.இ.யிடமும் சொல்லுங்கள். எடுத்ததும் அபாயச் சங்கிலியை இழுக்காதீர்கள். நடுக்காட்டில் நிற்கிற வண்டியை விட அடுத்த ஸ்டேஷனுக்கு ஓடுகிற வண்டிதான் சீக்கிரம் டாக்டரிடம் கொண்டுபோய் விடும்.

ஆங்கிலப் பக்கம் ஆஸ்பத்திரிக்காக. முன்பின் தெரியாத ஊரின் அவசரப் பிரிவில் இதைக் கால்-கை வலிப்பு (எபிலெப்சி, மூளையின் மின்னோட்டம் தடுமாறி வருகிற வேறு நோய்) என்று நினைத்து, நிற்கவில்லை நிற்கவில்லை என்று மயக்க ஊசியை மேலும் மேலும் போட்டுவிடுகிற ஆபத்து நிஜமானது. அந்த ஊசிகள் மூச்சைத் தாழ்த்தும். ‘வீடியோ இ.இ.ஜி.யில் உறுதி செய்த எஃப்.என்.டி. வலிப்பு’ என்ற ஒரு வரியும், உங்கள் டாக்டர் கையெழுத்தும் அங்கே பெரிய காவல்.

இன்னொன்று. சிலருக்கு நிஜமான கால்-கை வலிப்பும் எஃப்.என்.டி. வலிப்பும் சேர்ந்தே இருக்கும். அவர்களுக்கு அட்டை இரண்டு வகையையும் பிரித்துச் சொல்ல வேண்டும்: எஃப்.என்.டி.யில் பெரும்பாலும் கண் இறுக மூடியிருக்கும், தலை பக்கவாட்டில் ஆடும், விட்டு விட்டு நீளமாகப் போகும். கால்-கை வலிப்பில் பெரும்பாலும் கண் திறந்திருக்கும், இரண்டு மூன்று நிமிஷத்தில் நிற்கும். 5 நிமிஷம் தாண்டினால் அவசரம். சந்தேகம் வந்தால் அவசரம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பயணத்துக்காக வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம்.

எனக்கு இடது கால் பலவீனம், ஊன்றுகோல் வைத்து நடக்கிறேன். பழனிக்கு வேண்டுதல் இருக்கிறது. சமதளத்தில் தடுமாறுகிறேன், ஆனால் வீட்டு மாடிப்படி சுலபமாக ஏறுகிறேன். என் மாமியார் இதைப் பார்த்துவிட்டுச் சந்தேகப்படுகிறார். படி ஏறலாமா?
– ஒரு வாசகி, கரூர்

சமதளத்தில் தடுமாறி, படியில் சரளமாக ஏறுவது இந்த நோயில் அடிக்கடி பார்க்கிற காட்சி. சிலர் பின்பக்கமாக நன்றாக நடப்பார்கள், முன்பக்கம் நடக்க முடியாது. காரணம் இதுதான்: ‘நட’ என்று கவனம் வைத்து இடுகிற கட்டளைதான் பழுதாகியிருக்கிறது, கவனம் வேறு எங்காவது போனால், அல்லது அசைவு புதிதாக இருந்தால், பழக்கத்தில் ஓடுகிற தானியங்கி வழி வேலை செய்கிறது. டாக்டர்கள் நோயைக் கண்டுபிடிப்பதே இதை வைத்துத்தான். படுத்துக்கொண்டு பலவீனமான காலின் குதிகாலைக் கட்டிலில் அழுத்தச் சொன்னால் பலம் வராது. நல்ல காலைத் தூக்கச் சொன்னால் அந்தப் பலவீனமான கால் தானாகப் பலமாக அழுத்தும். அமெரிக்க மருத்துவர் சார்ல்ஸ் ஹூவர் 1908-லேயே எழுதி வைத்த சோதனை. நடிக்கிறவர்களைப் பிடிக்கிற பொறி என்று சிலர் தப்பாக நினைக்கிறார்கள். நோய் இருக்கிறது என்பதற்கான நேரடிச் சான்று அது. இந்தப் பத்தியை மாமியாருக்குப் படித்துக் காட்டுங்கள்.

பழனிக்கு வருவோம். படி 693. வீட்டில் 15 படி ஏறுவதை வைத்து இதை எடை போட முடியாது. கால் செய்யும், அசதி செய்யவிடாது. மேலே போக இழுவை ரயில் (எல்லோரும் வின்ச் என்கிறோம்), ரோப் கார் இரண்டும் இருக்கின்றன. ரோப் கார் பலத்த காற்றடித்தால் நிற்கும், வருஷாந்திரப் பராமரிப்புக்கும் நிறுத்துவார்கள்; அதை நம்பியே போகாமல் வின்ச்சை முதல் திட்டமாக வையுங்கள். வேண்டுதலுக்காகக் கொஞ்சமாவது நடந்தே ஆக வேண்டும் என்றால், படி குறைவாகவும் சரிவு நீளமாகவும் இருக்கிற யானைப் பாதையில் முதல் பத்து நிமிஷம் போய்த் திரும்பி வந்து வின்ச் ஏறுங்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். தைப்பூசம், பங்குனி உத்திரம், மாதக் கிருத்திகை, சனி ஞாயிறு நான்கையும் தவிருங்கள். செவ்வாயும் அங்கே கூட்ட நாள்தான். வெயில் ஏறுவதற்கு முன் தரிசனம் முடிந்துவிட வேண்டும். பத்து மணிக்கு மேல் வெறுங்காலில் கல் தரை சுடும், அந்தச் சூட்டில் நடை இன்னும் கெடும்.

கால் நடுவழியில் நின்றுவிட்டால் முன்னால் இழுக்க முயலாதீர்கள். நின்று, எடையை இடம் வலம் என்று நாலு தடவை மாற்றுங்கள், பிறகு ஒரு காலைப் பக்கவாட்டில் வழுக்கி வையுங்கள், அங்கிருந்து நடை. அல்லது மனசுக்குள் ஒரு தாளம்: காவடிச் சிந்து நன்றாகப் பொருந்தும். கூட வருகிறவர் ‘காலைத் தூக்கு, காலைப் பார்த்து வை’ என்று சொல்லவே கூடாது. காலைப் பார்க்கப் பார்க்கத்தான் கெடும். ‘அதோ அந்த விளக்குக் கம்பம் வரை’ என்று தூரத்தைக் காட்டட்டும்.

வீல்சேரில் உட்கார்ந்தால் கால் கெட்டுவிடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். நீளமான பிளாட்பாரம், விமான நிலையம், கோயில் வரிசை இவற்றுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ரூமுக்கும் பாத்ரூமுக்கும் நடங்கள். ஊர் திரும்பிய பிறகும் வீட்டுக்குள் வீல்சேர் வந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். கணுக்காலை இறுக்கிக் கட்டுகிற பட்டையைப் பயணத்துக்கென்று புதிதாக வாங்கிப் போடாதீர்கள். அசையாமல் கட்டி வைத்தால் இந்த நோயில் பிடிப்பு வந்துவிடுகிற வாய்ப்பு உண்டு.

ரயிலில் மாற்றுத்திறனாளி சலுகை கிடைக்குமா?
– பெ.ரா., ஈரோடு

எஃப்.என்.டி. என்ற பெயருக்காகக் கிடைக்காது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. அதில் இந்தப் பெயர் இல்லை. கை கால் இயக்கக் குறைபாடு என்ற முறையில் அரசு மருத்துவக் குழு மதிப்பிட்டுச் சான்று தந்தால்தான் வழி. இந்த வகைக்கான ரயில்வே சலுகை, துணையில்லாமல் பயணம் செய்யவே முடியாதவர்களுக்கு. ஏறி இறங்குகிற, குணமாகக்கூடிய நோய் என்பதால் சான்று கிடைப்பது கடினம். சலுகை கிடைக்காவிட்டாலும் பெரிய ஸ்டேஷன்களில் பேட்டரி காரும் வீல்சேரும் கேட்கலாம். அதற்குச் சான்று தேவையில்லை.

தலைசுற்றல் வகை எஃப்.என்.டி. என்று சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகள் வால்பாறை போகலாம் என்கிறார்கள். கார் திரும்பினாலே எனக்கு உலகம் ஆடுகிறது.
– ந., பொள்ளாச்சி

உங்களுக்குச் சொல்லியிருப்பது பி.பி.பி.டி. என்கிற, விடாமல் நீடிக்கும் தலைசுற்றலாக இருக்கும்: மூன்று மாதத்துக்கு மேல், பெரும்பாலான நாட்களில், படகில் நிற்கிற மாதிரி ஆட்டம், நிற்கும்போதும், நகரும்போதும், கண்ணுக்கு முன்னால் நிறைய அசையும்போதும் அதிகமாகும். 2017-ல்தான் இதற்குச் சர்வதேச வரையறை வந்தது. காதிலோ மூளையிலோ புதிய சேதம் இல்லை. ஆபத்துக் காலத்தில் நடக்கிற மாதிரி, சமநிலைக் கருவி எல்லாவற்றையும் சந்தேகப்பட்டு, கண்ணை மட்டும் நம்பி ஓடுகிறது. மலைப்பாதையில் கண் பார்ப்பதெல்லாம் சுழல்வதால்தான் அவ்வளவு கஷ்டம்.

வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. போகவே கூடாது என்று சொல்ல மாட்டோம். தவிர்த்துக்கொண்டே போனால் இந்த நோய் வளரும். ஆனால் முதல் பயணமாக 40 வேண்டாம். உங்கள் ஊருக்கு ஆழியாறு பக்கம். ஒரு வாரம் ஆழியாறு அணை வரை போய் வாருங்கள். அடுத்த தடவை ஒன்பதாவது வளைவில் இருக்கிற காட்சிமுனை வரை ஏறி, இறங்கி, பத்து நிமிஷம் தூரத்தில் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். அது பழகிய பிறகு மேலே. பிள்ளைகளுக்குப் பொறுமை இருக்காது; அவர்கள் முன்னால் போகட்டும்.

காரில் முன் சீட், கண் ரோட்டின் கோடியில். போனைப் பார்க்காதீர்கள். கண்ணை மூடிக்கொண்டே போவதும் வேண்டாம். திறந்ததும் இரட்டிப்பாக அடிக்கும். பஸ் என்றால் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் உள்ள சீட். கடைசி வரிசை வாலாட்டம் போல வீசும். கறுப்புக் கண்ணாடி வெயிலில் மட்டும். வண்டிக்குள்ளும் ஓட்டல் அறையிலும் போட்டுக்கொண்டே இருந்தால் கண் வெளிச்சத்துக்கு இன்னும் கூசும்.

மருந்துக் கடையில் கேட்டு வாங்குகிற சின்னாரிசின், ப்ரோகுளோர்பெரசின் என்கிற தலைசுற்றல் மாத்திரைகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மலை ஏறும் ஒரு நாளுக்கு டாக்டர் சொன்னால் சரி. மாதக்கணக்கில் தினம் போட்டால் சமநிலை தானாகச் சரியாகிற வேலை தள்ளிப்போகும், வயதானவர்களுக்குப் பார்க்கின்சன் மாதிரி நடுக்கமும் விறைப்பும் வரும். எஃப்.என்.டி. நடுக்கம் என்று நினைத்துக்கொண்டு வந்தவர்களில் இந்த மாத்திரை நடுக்கமும் உண்டு.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி போகிற மலை ரயிலையும் யோசிக்கலாம். 46 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரம் வாக்கில் எடுக்கும், அந்த மெதுவே உங்களுக்கு லாபம். ஆனால் 16 குகைகள். இருட்டும் வெளிச்சமும் மாறி மாறி வரும். ஒவ்வொரு குகைக்கும் முன்னால் பெட்டிக்குள் அசையாத ஒரு பொருளில், எதிர் சீட்டுக் கம்பியில், கண்ணை வைத்துவிடுங்கள்.

மகள் துபாயில் பிரசவத்துக்குக் கூப்பிடுகிறாள். எனக்குக் கை நடுக்கம், பதற்றம் வந்தால் பேச்சு நின்றுவிடும். குளோனஸெபாம் சாப்பிடுகிறேன். திருச்சியிலிருந்து போகலாமா?
– ம., தஞ்சாவூர்

போகலாம். மாத்திரை வேலையை முதலில் முடியுங்கள், டிக்கெட் பிறகு. ஐக்கிய அரபு அமீரகத்தில் குளோனஸெபாம், ப்ரீகாபலின், டிரமடால் போன்றவை கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். அந்த நாட்டு அரசின் இணையதளத்தில் முன் அனுமதி வாங்கிக்கொண்டுதான் கொண்டுபோக வேண்டும். மகளே அங்கிருந்து விண்ணப்பிக்க உதவலாம். டாக்டர் சீட்டில் மருந்தின் வேதிப்பெயர், அளவு, எத்தனை நாள், உங்கள் பெயர் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே இருக்க வேண்டும். மாத்திரையை ஸ்ட்ரிப்பிலேயே வையுங்கள். டப்பாவில் கொட்டி எடுத்துப்போகிற நம் வழக்கம் அங்கே வம்பு. கைப்பையில் வையுங்கள், செக்-இன் பெட்டியில் அல்ல. அனுமதி வாங்க அலைச்சலாக இருக்கிறதே என்று மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் நிஜமான வலிப்பே வரலாம். நிறுத்துவதாக இருந்தால் டாக்டர் சொல்லி, வாரக்கணக்கில் படிப்படியாக.

வீல்சேர் உதவியை விமான நிறுவனத்திடம் குறைந்தது 48 மணி நேரம் முன்னால் கேளுங்கள். மூன்று வகை இருக்கிறது: நீள நடைக்கு மட்டும் வேண்டும், படியும் ஏற முடியாது, சீட் வரைக்கும் கொண்டுவிட வேண்டும். உங்களுக்கு முதல் வகை போதும். அதிகமாகக் கேட்டால் ‘பறக்கத் தகுதி’ சான்று கேட்கிற வாய்ப்பு கூடும். இமிக்ரேஷன் வரிசையில் பேச்சு நின்றால் காட்ட, ஆங்கிலத்தில் நாலு வரிக் கடிதம்: பேச முடியாது, கேட்கும், எழுதிக் காட்டுவார், மகளின் விலாசமும் நம்பரும் இவை. பேச்சைத் திரும்பக் கொண்டுவர ‘ம்ம்ம்’ என்று தாழ்வாக முனகிப் பாருங்கள். முனகலிலிருந்து ‘ம்ம்மா’, அதிலிருந்து சொல். கையெழுத்துப் போடும்போது கை நடுங்கினால், இன்னொரு கையின் விரலால் மேஜையில் வேறு ஒரு தாளத்தில் மெல்லத் தட்டுங்கள், எஃப்.என்.டி. நடுக்கம் பலருக்கு அந்தத் தாளத்துக்கு மாறும், இல்லையென்றால் கொஞ்ச நேரம் அடங்கும். தடிமனான பேனாவாக எடுத்துப்போய்ப் பெரிதாக எழுதுங்கள்.

வெளியே தெரியாத குறைபாட்டுக்குச் சூரியகாந்திப் பூ போட்ட பச்சை நிறக் கழுத்துப் பட்டை ஒன்று இருக்கிறது. 2016-ல் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் ஆரம்பித்தது, இப்போது பெங்களூரு, டெல்லி உட்படப் பல இடங்களில் ஊழியர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். வரிசையில் முன்னால் விடுவார்கள் என்று எண்ண வேண்டாம். அவசரப்படுத்த மாட்டார்கள், அதுவே உங்களுக்குப் போதும்.

பயணக் காப்பீடு எடுக்கும்போது எஃப்.என்.டி.யை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் கால் முறிந்ததற்குக்கூடப் பணம் தர மறுக்கக் காரணம் கிடைத்துவிடும்.

வலிப்பு வந்து ஆறு மாதமாகிவிட்டது. பக்கத்து ஊருக்கு பைக்கில் போகலாமா?
– ஜெ., தூத்துக்குடி

ஓட்டுநர் உரிமத்துக்கான படிவம் 1-ல், எந்தக் காரணத்தாலாவது திடீர் நினைவிழப்போ தலைசுற்றலோ வருமா என்று ஒரு கேள்வி இருக்கிறது. ‘இது கால்-கை வலிப்பு இல்லையே’ என்று அதற்கு ‘இல்லை’ போட முடியாது. உங்கள் நரம்பியல் டாக்டர் எழுத்தில் சரி என்று சொல்லும் வரை பின் சீட்டும் வேண்டாம். வலிப்பில் கை விட்டால் பின்னால் உட்கார்ந்தவர்தான் முதலில் விழுவார். பஸ்ஸில் போங்கள்.

எங்கே போய்விட்டு வந்தாலும் மூன்று நாள் படுக்கை. போகிற நாளெல்லாம் நன்றாக இருக்கிறேன். ஏன் இப்படி?
– சு., காஞ்சிபுரம்

நன்றாக இருக்கிற நாளில் எல்லாவற்றையும் செய்து தீர்ப்பதால். ‘இன்னிக்கு உடம்பு நல்லா இருக்கு, காமாட்சி அம்மனோட ஏகாம்பரநாதரையும் பார்த்துரலாம், அப்படியே பட்டுக் கடை’ என்று வெளியூர் உறவினர் வரும்போது கிளம்புவீர்கள். அசதி அன்றைக்குத் தெரியாது, மறுநாள் பில் வரும். ஒரு சாதாரண வாரத்தில், மறுநாள் படுக்கை போடாமல் எவ்வளவு நேரம் வெளியே இருக்க முடிகிறது என்று அளந்து பாருங்கள். மூன்று மணி நேரம் என்றால் பயணத்தில் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம்தான் திட்டம். மீதி ஒரு மணி வண்டி தாமதத்துக்கும் வழியில் பார்க்கிற பழைய சிநேகிதிக்கும். 40 நிமிஷம் வெளியே, 20 நிமிஷம் உட்கார்ந்து, அதை அலாரம் வைத்துச் செய்யுங்கள். அசதி வந்த பிறகு ஓய்வு எடுப்பது தாமதம்.

கோடையில் தண்ணீரும் இதில் ஒரு பங்கு. ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கு. அரை லிட்டர் பாட்டிலில் முழுப் பாக்கெட்டையும் கொட்டிக் குடிக்காதீர்கள், உப்பு அதிகமாகி வயிறு கெடும்.

திரும்பி வந்த மறுநாள் லீவு போடுங்கள், ஆனால் படுக்கையில் அல்ல. வழக்கமான நேரத்தில் எழுந்து, குளித்து, வாசல் வரை நடந்து, துணி மடிப்பது மாதிரி ஒரு சின்ன வேலை. மூன்று நாள் படுத்தால் நாலாம் நாள் கால் இன்னும் கனக்கும், அடுத்த அழைப்பிதழ் வரும்போது பயமும் அதோடு சேர்ந்து வரும்.